டபிள் கிளேசிங் யன்னலால் குளிர்காற்று வருகிறதா? அறிகுறியைப் பார்த்து நீங்களே திருத்தலாம்

இங்கிலாந்தில் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது வெளிப்பக்கம் திறக்கிற வெள்ளை யூபிவிசி (விறைப்பான பிளாஸ்டிக்) யன்னல்தான். கார்த்திகையில் காற்று திரும்பியதும் அதற்குப் பக்கத்தில் சோபாவில் இருப்பவருக்குக் கழுத்தில் குளிர் அடிக்கும். சிலர் கடைக்குப் போய் நுரைப்பட்டி வாங்கி வந்து சுற்றிவர ஒட்டுவார்கள். சிலர் யன்னல் கம்பனிக்குப் போன் போடுவார்கள். வருகிறவர் இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "முழு யன்னலையும் மாத்தத்தான் வேணும் அண்ணை" என்று ஆயிரக்கணக்கில் ஒரு விலை சொல்லுவார். முக்கால்வாசி யன்னல்களுக்கு இரண்டுமே தேவைப்படாது.

இந்த யன்னல் காற்றை மறிப்பது அழுத்தத்தால். கைபிடியைத் திருப்பும்போது ஒரு பக்கத்தில் பூட்டுப்பட்டியும் மறுபக்கத்தில் பிணைச்சலும் கதவை உள்ளே இழுத்து, இடையில் இருக்கிற றப்பரை நசுக்க வேண்டும். அந்த இழுவை குறைந்துவிட்டால் புது றப்பர் போட்டும் பிரயோசனம் இல்லை. நுரைப்பட்டி ஒட்டினாலோ நிலைமை இன்னும் மோசம்: கதவு வெளியே தள்ளப்படும், கைபிடியைப் பலமாக அமத்தித் திருப்ப வேண்டி வரும், ஒருநாள் கைபிடியின் திருப்பத்தைப் பூட்டுப்பட்டிக்குக் கொடுக்கிற கியர்பொக்ஸ் உடையும். ஆகவே முதலில் இழுவை, பிறகு றப்பர், கடைசியாகத்தான் சிலிக்கன்.

கீழே "நிலை" என்று சொல்வது சுவரோடு நிற்கிற சட்டத்தை. "கதவு" என்பது திறந்து மூடுகிற பகுதி.

முதலில் காற்று வருகிற இடத்தைப் பிடியுங்கள்

காற்றடிக்கிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். வீட்டில் எல்லா யன்னல் கதவுகளையும் மூடி, குசினியிலும் பாத்ரூமிலும் இருக்கிற காற்றை வெளியே தள்ளும் ஃபானைப் போடுங்கள். வீட்டுக்குள் அழுத்தம் சற்றுக் குறைந்து, வெளிக்காற்று இருக்கிற ஓட்டைகளால் உள்ளே வரப் பார்க்கும். சாமித்தட்டில் இருக்கிற ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, யன்னலின் ஓரம் வழியே மெதுவாகக் கொண்டு போங்கள். திரைச்சீலையை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். வீட்டில் எந்த அறையிலாவது காஸ் ஃபயர் எரிகிறபோது இந்த ஃபான் சோதனை வேண்டாம். புகைபோக்கியால் வெளியேற வேண்டிய புகை உள்ளே திரும்பக்கூடும்.

புகை எங்கே அறைக்குள் வளைகிறது என்று பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு விதம், நிலைக்கும் சுவருக்கும் இடையில் இன்னொரு விதம், கண்ணாடி ஓரத்தில் வேறு விதம். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத இடத்தில்தான் காசு போகும்.

புகை எங்குமே வளையாமல், கண்ணாடிக்குப் பக்கத்தில் நேரே கீழே இறங்கினால் அது ஓட்டை அல்ல. குளிர்ந்த கண்ணாடியில் பட்ட அறைக்காற்று கனத்துக் கீழே விழுகிறது. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது காற்று வருகிற மாதிரியே இருக்கும். இதற்குத் திருத்த வேலை எதுவும் கிடையாது; கனமான திரைச்சீலை போடுங்கள், ரேடியேற்றரை மூடித் தொங்காமல் யன்னல் தட்டோடு முடிகிற நீளத்தில்.

அடுத்தது கடதாசிச் சோதனை. ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து, கதவை மூடிப் பூட்டி, தாளை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் அந்த இடம் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே றப்பர் நசுங்கவில்லை. நாலு பக்கமும், மூலைகளில் கட்டாயமாகவும் செய்யுங்கள். யூபிவிசி வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஆடியில் இறுக்கமாக இருந்த யன்னல் தையில் தளர்வது அதனால்தான். சோதனையையும் சரிசெய்தலையும் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபிடி இருக்கிற பக்கத்தால் காற்று வருகிறது

கருவி எதையும் தொடமுதல் ஒன்றைப் பாருங்கள். பல யன்னல்களில் இரண்டு படிப் பூட்டு உண்டு: கதவை ஒரு சென்ரிமீற்றர் அளவு திறந்தபடியே பூட்டி வைக்கலாம், இரவில் காற்று வருவதற்காக. கதவை முழுக்க இழுக்காமல் கைபிடியைத் திருப்பினால் அது அந்த முதல் படியிலேயே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருந்து பார்த்தால் மூடின மாதிரித்தான் தெரியும். பிள்ளைகளின் அறையில் இது அடிக்கடி நடக்கும். கதவைத் திறந்து, நன்றாக இழுத்து அமத்திப் பிடித்துக்கொண்டு திரும்பப் பூட்டுங்கள். சிலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். நீளமான உலோகப் பட்டி ஒன்று ஓடும். கைபிடியைத் திருப்ப அதில் இருக்கிற காளான் வடிவக் குமிழ்கள் மேலும் கீழும் நகரும். கடைக்காரர் இந்தப் பட்டியை எஸ்பாக் என்பார், குமிழை மஷ்ரூம் என்பார். நிலையில் அந்தக் குமிழ் போய் மாட்டுகிற உலோகத் துண்டுக்குப் பெயர் கீப்.

குமிழின் நடுவில் அலன் கீ (ஆறு மூலைச் சாவி) போடுகிற ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் குமிழ் நடுப்புள்ளியில் பொருத்தப்படாமல் ஒரு பக்கம் தள்ளிப் பொருத்தப்பட்டது. திருப்பினால் கதவு நிலைக்கு நெருங்கும் அல்லது விலகும். சிறிய அலன் கீயால் (அனேகமாக 4 மில்லிமீற்றர்) கால் சுற்றுத் திருப்புங்கள். அலன் ஓட்டை இல்லாத சிலவற்றைக் குறட்டால் பிடித்துத் திருப்பலாம். எல்லாக் குமிழ்களையும் ஒரே பக்கம், ஒரே அளவு. பிறகு கடதாசிச் சோதனை. கைபிடி இறுகத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள்.

குமிழ் வட்டமாக, திருப்ப இடமே இல்லாமல் இருந்தால் கீப்பைப் பாருங்கள். அதன் ஸ்குரூ ஆணிகள் தளர்ந்து வெளிப்பக்கம் நகர்ந்திருக்கும். ஆணியைத் தளர்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இறுக்குங்கள். பழைய ஓட்டை இழுத்துக்கொண்டு போகிறதென்றால் பக்கத்தில் புது ஓட்டை போடுவது நல்லது.

கைபிடி முழுக்கத் திரும்புகிறது, ஆனால் குமிழ் பாதி தூரம்தான் நகர்கிறது, அல்லது நகரவே இல்லை என்றால் பட்டியின் நடுவில் இருக்கிற கியர்பொக்ஸ் போய்விட்டது. பட்டியை முழுதாகக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். நீளம், கைபிடித் தண்டு நுழைகிற சதுர ஓட்டைக்கும் பட்டி முகத்துக்கும் இடையிலான தூரம், குமிழ்கள் இருக்கிற இடம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். படத்தைக் காட்டி வாங்கினால் திரும்பப் போகத்தான் வேண்டிவரும்.

எண்பதுகளின் யன்னல்கள் பலவற்றில் இந்தப் பட்டியே இருக்காது. சேவல் கால் நகம் மாதிரி ஒரு நாக்கு நீட்டிய கைபிடி, நிலையில் ஒரு சரிவான பிளாஸ்டிக் கட்டையின் மேல் ஏறிக் கதவை இழுக்கும். தேய்வது அந்தக் கட்டைதான். புதுக் கட்டை மிக மலிவு. கைபிடியையும் சேர்த்து மாற்றுவதென்றால் அடித்தட்டிலிருந்து நாக்கின் அடிப்பக்கம் வரைக்குமான உயரத்தை அளந்துகொண்டு போங்கள். அது ஒவ்வொரு யன்னலுக்கும் வேறுபடும்.

பிணைச்சல் பக்கத்து மூலையால் காற்று வருகிறது, அல்லது கதவு சரிந்து நிலையில் உரசுகிறது

அதிகமாக வருகிற கோளாறும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஆட்கள் மூலையில் குளிர் வருகிறதென்று றப்பரை மாற்றுவார்கள். குளிர் அப்படியே இருக்கும்.

யூபிவிசி யன்னலில் இருப்பது வாசல் கதவில் இருக்கிற மாதிரியான பிணைச்சல் அல்ல, கத்தரிக்கோல் மாதிரி மடிகிற நீளமான உலோகப் பிணைச்சல். பக்கவாட்டில் திறக்கிற கதவுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று. மேலிருந்து தொங்கித் திறக்கிற சிறு கதவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூடும்போது அதன் நுனி, நிலையில் பொருத்தியிருக்கிற தண்டவாளத்தின் முடிவில் இருக்கிற ஒரு சிறு மூடிக்குள் போய் நுழையும். அந்தக் கடைசி நுழைவுதான் பிணைச்சல் பக்க மூலையை நிலையோடு இழுத்து இறுக்குகிறது. அந்தப் பக்கத்தில் பூட்டுக் குமிழ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

கதவைத் திறந்து அந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தண்டவாளத்தில் தூசியும் பழைய சிலிக்கனும் பெயின்ற் துளிகளும் அடைந்து, நுனி மூடிக்குள் போகாமல் நிற்கலாம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சவர்க்காரத் தண்ணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கன் ஸ்ப்ரே கொஞ்சம் அடியுங்கள். மூடியே உடைந்திருந்தால், ரிவெற் ஆடினால், கறள் பிடித்திருந்தால், பிணைச்சலை மாற்ற வேண்டும். தண்டவாளத்தில் இருக்கிற பித்தளை ஸ்குரூவை இறுக்கினால் கதவு காற்றில் அடிபடாமல் நிற்கும், அவ்வளவுதான். காற்று வருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வாங்குவதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, பக்கவாட்டுக் கதவுக்கா, மேல்தொங்கு கதவுக்கா. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. இரண்டு, நிலையில் பொருத்தியிருக்கிற தண்டவாளத்தின் நீளம், அங்குலத்தில் விற்பார்கள். மூன்று, மடித்து மூடினால் வருகிற கனம்: பெரும்பாலும் 13 அல்லது 17 மில்லிமீற்றர். இதைப் பிழையாக வாங்கினால் கதவு ஒன்றில் மூடாது, இல்லையென்றால் தளர்ந்து நிற்கும். நாலாவது உயிர் சம்பந்தப்பட்டது. மேல்மாடிப் படுக்கையறை யன்னல்கள் பல, நெருப்புப் பிடித்தால் ஆள் வெளியேறுவதற்காக அகலத் திறக்கிற விசேஷப் பிணைச்சலோடு வரும். அப்படியான யன்னல் திறந்தால் 0.33 சதுர மீற்றர் வெளி கிடைக்க வேண்டும், அகலமோ உயரமோ 450 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது கட்டட விதி. அதைக் கழற்றிச் சாதாரணப் பிணைச்சல் போட்டால் வழி குறுகிவிடும்.

கதவைக் கழற்றும்போது பாரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு ஒரு சதுர மீற்றரில் 2.5 கிலோ. 4 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு என்றால் சதுர மீற்றருக்கு 20 கிலோ. 60 சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் உயரமும் உள்ள கதவில் கண்ணாடி மட்டும் 12 கிலோ, சட்டம் தனி. கீழ் வீட்டில் வெளியே ஒருவரும் உள்ளே ஒருவருமாக நின்று செய்யலாம். மேல்மாடியில் உள்ளே இருந்து எட்டிப்பிடித்து, தனியாக இதைச் செய்யாதீர்கள். அந்த வேலைக்கு ஆளைக் கூப்பிடுவதில் வெட்கம் இல்லை.

கழற்றுமுன் பழைய பிணைச்சல் எங்கே இருந்தது என்று நிலையில் பென்சில் கோடு போடுங்கள். கதவில் இருக்கிற ஆணிகளை முதலில் எடுத்து, கதவைத் தூக்கி ஒரு போர்வையில் கிடத்துங்கள். பிறகு நிலையில் இருக்கிறதைக் கழற்றி, கோட்டுக்கு நேரே புதியதை வையுங்கள். மேல் கீழ் இரண்டையும் சோடியாகவே மாற்றுங்கள். பழைய ஓட்டைகள் பெருத்து ஆணி பிடிக்காவிட்டால் 4.3 மில்லிமீற்றர் ஆணிக்குப் பதில் 4.8 போட்டால் பிடிக்கும். கறள் பிடிக்காத எவர்சில்வர் ஆணியாக வாங்குங்கள்.

பிணைச்சல் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் கதவின் கைபிடி மூலை கீழே தொங்கி நிலையில் தட்டுகிறது என்றால் கண்ணாடி ஓரத்தில் வைத்த கட்டைகள் நழுவியிருக்கும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் பிளாஸ்டிக் கட்டைகள் வைத்துத்தான் கதவைச் சதுரமாக நிற்க வைப்பார்கள்: பிணைச்சல் பக்கத்தில் கீழ் மூலை, கைபிடி பக்கத்தில் மேல் மூலை, குறுக்கு மூலையாக. உள்ளே கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கிற பீடிங் என்ற பிளாஸ்டிக் பட்டியைத் தட்டையான சுரண்டியால், நீளமான பக்கத்தின் நடுவிலிருந்து கிளப்புங்கள். கண்ணாடியை மெல்ல நகர்த்தி, அந்த இரண்டு மூலையிலும் கட்டையைக் கூட்டினால் தொங்கிய மூலை மேலே எழும்பும். கூடவே, கதவு மூடும்போது அதன் அடியைத் தாங்கித் தூக்குகிற சிறு சரிவுக் கட்டை ஒன்று நிலையில் ஸ்குரூ ஆணியால் பூட்டி வைத்தால் பிறகும் தொங்காது.

எல்லா மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது

இப்போதுதான் றப்பர். கடதாசி எல்லாப் பக்கமும் ஓரளவு பிடிக்கிறது, மூலையில் மட்டும் விடுகிறது என்றால் றப்பர் சுருங்கி மூலையில் இடைவெளி விட்டிருக்கும். விரலால் அமத்திப் பாருங்கள்; திரும்ப எழும்பாமல் தட்டையாகவே கிடந்தால் அதன் காலம் முடிந்தது.

ஐந்து சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். குமிழ் மாதிரி ஒன்று, நாக்கு மாதிரி ஒன்று, ஆப்பு மாதிரி ஒன்று என்று பல சாதி உண்டு. பார்க்க வேண்டியது தலையை மட்டும் அல்ல, பள்ளத்துக்குள் நுழைகிற காலின் அகலத்தையும். கதவிலும் நிலையிலும் வெவ்வேறு றப்பர் இருக்கலாம். இரண்டிலும் மாதிரி எடுங்கள்.

பழையதை இழுத்தெடுத்து, பள்ளத்தைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவிக் காயவிடுங்கள். புதியதை மேல்பக்கத்தின் நடுவில் தொடங்கி விரலால் அமத்திக்கொண்டு வாருங்கள். இழுக்கவே கூடாது. இழுத்துப் போட்ட றப்பர் கொஞ்ச நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, திரும்பவும் மூலையில் வாயைத் திறக்கும். மாறாகச் சற்றுக் கூட்டியே வெட்டி, நெருக்கித் தள்ளி நுழையுங்கள். விறைப்பாக இருந்தால் சுடுதண்ணியில் கொஞ்சம் போட்டு எடுக்கலாம். முனைகள் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு சுப்பர் குளூ. எண்ணெய் சார்ந்த ஸ்ப்ரே றப்பரை ஊத வைக்கும். சிலிக்கன் ஸ்ப்ரே போதும்.

புது றப்பர் தடிப்பாக இருப்பதால் முன்பு இறுக்கிய குமிழ்களைச் சற்றுத் தளர்த்த வேண்டி வரலாம்.

நிலைக்கும் சுவருக்கும் இடையில், அல்லது யன்னல் தட்டுக்கு அடியில்

சிலிக்கனுக்கு உரிய இடம் இது. வெளிப்பக்கத்தில் பழைய சிலிக்கன் செங்கல்லிலிருந்து விட்டுக் கிளம்பியிருக்கும். அதன் மேலேயே புதிதாகப் பூசுவது வீண்வேலை. ஒரு குளிர்காலம் தாங்காது. கத்தியால் இரண்டு ஓரமும் அறுத்து முழுதாக எடுங்கள், தூசியைத் துடையுங்கள், ஈரம் காயவிடுங்கள்.

வாங்க வேண்டியது நியூற்றல் கியூர், லோ மொடியூலஸ் என்று எழுதியிருக்கிற சிலிக்கன். வினாகிரி மணக்கிற பாத்ரூம் சிலிக்கன் செங்கல்லில் சரியாகப் பிடிக்காது. இடைவெளி ஆழமாக இருந்தால் முதலில் நுரைக் கயிற்றைத் திணித்து, அதன் மேல் சிலிக்கன். இரண்டு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுவையாக விட்டு, சவர்க்காரத் தண்ணியில் நனைத்த விரலால் தடவி, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். வெளியில் 5 பாகைக்குக் கீழ் என்றால் தள்ளிப்போடுங்கள்.

உள்ளே யன்னல் தட்டைத் தட்டிப் பார்க்கையில் வெறுமைச் சத்தம் கேட்டு, அடியால் குளிர் வந்தால், கட்டும்போது அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். குறைவாக விரிகிற நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அதிகம் விரிகிற நுரை நிலையையே வளைத்து, பிறகு கதவு மூடாமல் பண்ணும். பிளாஸ்டரில் இருக்கிற மயிரிழை வெடிப்புக்குப் பெயின்ற் அடிக்கக்கூடிய கோக் என்ற நிரப்புபசை போதும்.

மேலே இருக்கிற நீளமான காற்றுத்துளையால் வருகிறது

அது கோளாறு அல்ல; வீடு மூச்சு விடுவதற்கு வைத்தது. 2022 ஆனி முதல் இங்கிலாந்தில் யன்னல் மாற்றும்போது அனேகமாக இதை வைத்தே ஆக வேண்டும். புயல் நாளில் மூடியை இழுத்து மூடுங்கள், மற்ற நாளில் திறவுங்கள். மூடி உடைந்திருந்தால் மூடியை மட்டும் மாற்றலாம். சிலிக்கன் போட்டு அடைத்துவிட்டால், சமையல் ஆவியும் வீட்டுக்குள் காயப்போடுகிற உடுப்பின் ஈரமும் போக இடமில்லாமல் தை மாதத்தில் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். காஸ் ஃபயர் இருக்கிற அறையில் சுவரில் இருக்கிற காற்றுத்துளையையும் ஒருக்காலும் அடைக்காதீர்கள். காபன் மொனொக்சைட் உயிரை எடுத்துவிடும்.

நிலையின் அடியில் விசில் அடிக்கிறது

மழைத்தண்ணி வெளியேற வைத்த துளைகள் அவை. வெளிப்பக்கத்து மூடி விழுந்திருக்கும், புது மூடி அமத்துங்கள். துளையை அடைத்தால் தண்ணி நிலைக்குள் தேங்கி வீட்டுக்குள் வரும்.

கண்ணாடி ஓரத்தால் வருகிறது, கண்ணாடி ஆடுகிறது

பீடிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அதோடு வருகிற ஆப்பு றப்பர் சுருங்கிவிட்டது. சிலிக்கனால் கண்ணாடியை ஒட்டாதீர்கள். பிறகு கண்ணாடி மாற்ற வருகிறவர் சட்டத்தையும் சேர்த்துத்தான் உடைக்க வேண்டும். கொஞ்சம் தடித்த ஆப்பு றப்பர் வாங்கி அமத்தினால் ஆட்டம் நிற்கும்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி படிகிறது

இது காற்று வருகிற கோளாறே அல்ல. கண்ணாடிகளைச் சுற்றியிருக்கிற ஒட்டு விட்டு, ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஓட்டை போட்டுக் காயவைத்துத் தருவதாக விளம்பரம் வரும். பனி போகலாம், ஆனால் கண்ணாடிகளுக்கு நடுவில் நிரப்பியிருந்து வெளியே போன வாயுவும் ஒட்டும் திரும்பி வராது. அந்தக் காசைப் புதுக் கண்ணாடிக்குப் போடுவதே என் விருப்பம். யன்னலை மாற்றத் தேவையில்லை, கண்ணாடிச் சோடியை மட்டும் செய்விக்கலாம். அகலம், உயரம், மொத்தக் கனம் மூன்றையும் மில்லிமீற்றரில் அளந்து கொடுங்கள். கனம் அனேகமாக 28, பழையதில் 20 அல்லது 24 இருக்கும். நிலத்திலிருந்து 800 மில்லிமீற்றருக்குள் இருக்கிற கண்ணாடியும், ஆட்கள் போய்வருகிற கதவிலும் அதற்குப் பக்கத்திலும் 1500 மில்லிமீற்றருக்குள் இருக்கிறதும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், மூலையில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் ஒரு ஆணியைக்கூடக் கழற்றமுதல் ஊதுபத்திச் சோதனையைப் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கோ கவுன்சிலுக்கோ எழுத்தில் அனுப்புங்கள். சொந்த வீட்டில் யன்னல் போட்டுப் பத்து வருடம் ஆகவில்லை என்றால், திருப்புளியைக் கையில் எடுக்கமுதல் உத்தரவாதக் கடிதத்தைத் தேடுங்கள்.